முதல் கதிரை

அந்தக் குடை இன்னும் காயவில்லை.

ராசையா அதை முதன்முதல் பார்த்தது இரண்டு கிழமைக்கு முன்னால். கடையின் மூன்றாம் மாடியில், வாடிக்கையாளர் சேவை என்று எழுதிய மேசைக்கு எதிரே, ஏழு இரும்புக் கதிரைகளை ஒரே கம்பியில் பூட்டி வரிசையாக வைத்திருந்தார்கள். அதில் மூன்றாவது கதிரையில் அது கிடந்தது. மூங்கில் பிடி போட்ட பழைய கறுப்புக் குடை. கம்பி நுனியில் தண்ணீர் திரண்டு, கொஞ்ச நேரம் தொங்கி, மனமில்லாமல் நிலத்தில் விழுந்துகொண்டிருந்தது. மழையோடு வந்த யாரோ இடம் பிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்து அவர் கடைசிக் கதிரையில் போய் உட்கார்ந்தார். பிறகு படியிறங்கி வெளியே வந்து, மாத்தளை திருகோணமலை வீதி வெயில் முகத்தில் அறைந்தபோதுதான், ஊரில் மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது என்பது ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டாம் தரம் வந்தபோது குடை இரண்டாவது கதிரைக்கு நகர்ந்திருந்தது. இன்றைக்கு முதல் கதிரையில். தண்ணீர் சொட்டுவது மட்டும் நிற்கவில்லை.

ராசையா மிளகும் கறாம்பும் வாங்குகிற கடையொன்றில் மூட்டை தூக்குகிறவர். ஐம்பத்திரண்டு வயது. ஒரு மூட்டையைக் கை வைத்து அசைத்தாலே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார், தராசு அவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும். வலது காலில் சுண்டுவிரல் இல்லை. தள்ளுவண்டிச் சில்லு ஒன்று அதைக் கொண்டுபோய் இருபது வருஷமாகிறது. நாற்பது வயதுக்குப் பிறகு மகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்து எழுத்துப் படித்தவர். அதனால் எந்தப் பலகையைக் கண்டாலும் உதடு அசையாமல் அவருக்கு வாசிக்க வராது.

தேர்த் திருவிழாச் சமயம் இந்தக் கடையில்தான் ஃப்ரிட்ஜ் வாங்கினார். மனைவி தங்கம்மாவுக்குச் சீனி வருத்தம், காலையும் மாலையும் ஊசி. மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும், பானைத் தண்ணீரெல்லாம் இந்த வெயிலுக்குச் சரிவராது என்று கிளினிக்கில் நர்ஸ் மிஸ் ஏசியிருந்தார். நாலு மாதம் நன்றாக வேலை செய்தது. ஐந்தாம் மாதம் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு மட்டும் எரிந்தது.

மருந்து இப்போது கஜீபன் வீட்டில் இருக்கிறது. கஜீபன் தங்கம்மாவின் கடைசித் தம்பி, அலுவிகாரையில் நாலு வீடு தள்ளி இருக்கிறான், சொந்த ஆட்டோ ஓட்டுகிறான். காலை ஆறு மணிக்கு அவள் அங்கே போகிறாள், மாலை ஆறு மணிக்கும் போகிறாள். ஊசி போட்டுக்கொண்டு, டீ குடித்துவிட்டு, முகம் மலர்ந்து திரும்பி வருகிறாள். "தம்பி வீட்டுத் தண்ணி பல்லு கூசுதுங்க" என்கிறாள். அவன் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பக்கத்தில், தன் பெண்சாதியின் உயிர் ஒரு சின்னப் போத்தலில் நிற்பதை ராசையா ஒருநாள் பார்த்தார். அன்றிலிருந்து நெஞ்சுக்குள் ஒரு மிளகு நெரிந்தபடியே கிடக்கிறது. மச்சினன் மேல் இதற்கெல்லாம் பொறாமைப்படுவது வெட்கக்கேடு என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் எரிந்தது.

நேற்று மாலை அவன் வாசலில் நின்று கேட்டான்.

"நாளைக்கும் போறீங்களா மச்சான்? அந்தக் கடையில உங்களுக்குச் சம்பளம் தருவாங்க போல."

"வரச் சொன்னாங்க. போறேன்."

"போன வருஷம் நான் டீவிக்குப் போனேன். பத்தே நிமிஷம்."

"ஒனக்கு உள்ளுக்கு ஆள் இருக்கும்."

"ஒரு ஆளும் இல்ல. முன் கதிரையில யாரோ குடைய வச்சிட்டுப் போயிருந்தாங்க. எடுத்துப் பின்னுக்குப் போட்டுட்டு உக்காந்தேன். அந்தப் புள்ளைங்க முன் கதிரையில இருக்கிற ஆளத்தான் பாக்கும், மத்தவங்க அதுங்க கண்ணுக்குத் தெரியாது."

தங்கம்மா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். "இவரா? கேஸ் லைன்ல மூணு நாள் நின்ன மனுசன் தம்பி. அடுத்தவன் வச்ச கல்லக்கூடத் தாண்ட மாட்டாரு."

உண்மைதான். கேஸ் கிடைக்காத அந்த வருஷத்தில் ஊர் முழுக்க அப்படித்தான் வரிசை நின்றது. ஆள் நிற்க முடியாது, வேலைக்குப் போக வேண்டும். சிலிண்டரை வைத்துவிட்டுப் போவார்கள். சிலிண்டர் இல்லாதவர் செருப்பை வைப்பார், பையை வைப்பார், வெறும் கல்லை வைப்பார். யாரும் தொட மாட்டார்கள். வைத்த சாமானை ஆளாகவே கணக்கெடுத்தார்கள். நகர்த்தியவனை அடித்தும் இருக்கிறார்கள். அந்த மூன்று நாளைப் பற்றி ராசையாவுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. தங்கம்மா அதைத் தம்பியோடு சேர்ந்து சிரிக்கிற விஷயமாக்கியது நேற்றுத்தான்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராசையா ஃப்ரிட்ஜ் வாங்கிய பில்லை நீட்டினார். அவள் நிமிராமல் சிங்களத்தில் சொன்னாள். "பொட்டக் இன்ன அங்கிள்." கொஞ்சம் இருங்கள். முதல் நாளும் இதைத்தான் சொன்னாள், அன்றைக்கு மூன்று மணித்தியாலம். இரண்டாம் நாளும் இதேதான், கடை மூடும் வரைக்கும்.

அவர் வரிசையைப் பார்த்தார். முதல் கதிரையில் குடை. இரண்டாவதில் ஒரு சிவப்பு ஹெல்மெட். மூன்றாவதில் சோற்றுப் பார்சல், அதிலிருந்து பருப்பும் கருவாடும் மணத்தது, மேல் பேப்பரில் ஆவி வியர்த்திருந்தது. நாலாவதில் மரக்கறிப் பை, லீக்ஸ் இலை சற்று முன் பிடுங்கியதுபோல் விறைத்து நின்றது. மற்ற மூன்றும் காலி. இரண்டு கிழமைக்கு முன்பும் இதே பார்சல்தான் இருந்ததா? கருவாட்டு மணம் ஞாபகத்தில் இருந்தது. அவர் அதைக் கிளறாமல் விட்டார்.

எதிர்ச் சுவர் முழுக்கத் தொலைக்காட்சிகள். இருபது திரையிலும் ஒரே கடல், ஒரே நீல மீன். சத்தம் இல்லை. ஏசியின் உறுமலும், புதுப் பிளாஸ்டிக்கின் இனிப்பு மணமும், குடையிலிருந்து டக், டக் என்று விழும் தண்ணீரும் மட்டும்.

கூட்டித் துடைக்கிற ராசம்மா மொப்போடு வந்தாள். அவள் தமிழ் ஆள். துடைத்துக்கொண்டே வந்தவள் குடைக்கு முன்னால் மட்டும் மொப்பை வளைத்து, ஒரு சின்ன இடத்தைச் சுற்றிப் போனாள். குடைத் தண்ணீர் கதிரைக்கு அடியில் குட்டையாக நின்றது. அதற்கு முன்னால் ஒரு துண்டு நிலம் மட்டும் காய்ந்து கிடந்தது. ஹெல்மெட்டுக்கு முன்னாலும் அப்படியே சுற்றினாள்.

"அதையும் தொடைக்கலாமே தங்கச்சி. யாரு குடை அது?"

"தொட்டுறாதீங்க அண்ணே."

"ஆளு எங்க போயிருக்கு?"

ராசம்மா வாளியைத் தூக்கினாள். "எங்கயும் போகல. இருக்காங்க" என்றாள். போய்விட்டாள்.

அப்போது கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு ஒரு மனிதர் மேலே வந்தார். மேசைப் பெண் எழுந்து நின்றாள். சிரித்தாள். கதிரை போட்டாள், எங்கிருந்தோ டீ வந்தது. ராசையா மூன்று நாளாக நின்ற அதே இடத்தில், அவர் மூச்சுப்பட்ட அதே கண்ணாடிக்கு முன்னால், அந்த மனிதரின் வேலை டீ ஆறுவதற்குள் முடிந்தது. அவர் போகும்போது ராசையாவின் தோளில் இடித்தார். திரும்பிப் பார்த்தார். எதில் இடித்தோம் என்று தெரியாத முகம்.

ராசையா மேசைக்குப் போனார். "மிஸ், நான் காலையில இருந்து..."

"பொட்டக் இன்ன."

அவளுடைய கண் அவர் மேல் படவே இல்லை, அவர் ஊடாகப் போய்த் தொலைக்காட்சி மீனில் நின்றது.

பத்தே நிமிஷம் என்று கஜீபன் சொன்னது காதுக்குள் கேட்டது. அதற்குப் பின்னால் தங்கம்மாவின் சிரிப்பு. இன்றைக்கும் வெறுங்கையோடு போனால் நாளைக்கு அவன் வருவான். அவன் வந்து முடித்துக் கொடுப்பான். அவள் அந்த ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் தம்பியை நினைப்பாள். மருந்து தன் வீட்டுக்கு வந்தாலும் அது அவன் கொண்டுவந்து வைத்ததாகத்தான் இருக்கும்.

அவர் குனிந்து குடையைப் பிடித்தார்.

மூங்கில் பிடி ஈரமாக, மெலிந்து, சில்லென்று இருந்தது. ஒரு மணிக்கட்டைப் பிடித்ததுபோல. தூக்கினார். கை தாழ்ந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார். முப்பது வருஷம் தூக்கிய கை பொய் சொல்லாது. நாற்பது கிலோ. ஒல்லியான ஒரு மனுசியின் கனம்.

விட்டிருக்கலாம். ஆனால் மேசைப் பெண் அந்தக் கணத்தில் தலையைத் தூக்கினாள். முதல் கதிரை காலியாவதை அவள் கண் கண்டுவிட்டது போல. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு குடையை ஐந்தாவது கதிரைக்குக் கொண்டுபோய் வைத்தார். அது தானே உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஓடிவந்து முதல் கதிரையில் அமர்ந்தார். கதிரை ஈரம் ஊறி வேட்டிக்குள் குளிர் ஏறியது.

"ஆ, அங்கிள்" என்றாள் பெண். சிரித்தாள். நல்ல சிரிப்பு. "என்ன பிரச்சினை?" தமிழிலேயே கேட்டாள்.

ராசையா வாயைத் திறந்தார்.

கரண்ட் போனது.

ஏசி பெருமூச்சு விட்டு ஓய்ந்தது. சிஸ்டம் விழுந்துவிட்டது, வந்ததும் பார்ப்போம் என்று சொல்லி அவள் உள்ளே போனாள். பட்டப்பகல்தான். ஆனால் அந்த மாடியில் ஜன்னல் கிடையாது, படிக்கட்டுப் பக்கமிருந்து வந்த வெளிச்சம் மட்டும் நிலத்தில் ஒரு பட்டையாகக் கிடந்தது. எதிர்ச் சுவரில் கடல் இல்லை, மீன் இல்லை. இருபது கறுப்புக் கண்ணாடி. அவற்றில் கதிரை வரிசை தெரிந்தது.

முதல் கதிரையில் அவர்.

இரண்டாவதில் ஒரு ஆண், மடியில் ஹெல்மெட். மூன்றாவதில் வேட்டி கட்டியவர், கையில் பார்சல். நாலாவதில் மரக்கறிப் பையை அணைத்தபடி ஒருவர். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளினிக்கில் இருப்பவர்களைப்போலப் பொறுமையாக.

ஐந்தாவதில் ஒரு பெண். தலை நனைந்திருந்தது. சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. அவள் மட்டும் மேசையைப் பார்க்கவில்லை.

அவரைப் பார்த்தாள்.

ராசையா மெதுவாகத் திரும்பினார். பக்கத்தில் ஹெல்மெட். பார்சல். பை. குடை. வேறு ஒன்றுமில்லை. டக் என்றது தண்ணீர்.

போன வருஷமும் ஒரு குடை என்றுதானே கஜீபன் சொன்னான். முன் கதிரையிலிருந்து தூக்கிப் பின்னுக்குப் போட்டதாக. அங்கிருந்து ஒரு வருஷம். ஒவ்வொரு கதிரையாக. இன்றைக்குத்தான் அவள் முதலுக்கு வந்திருந்தாள்.

எழுந்து ஓட வேண்டும் என்று கால் சொன்னது. அதே நேரம் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. தங்கம்மா. உள்ளே சிக்னல் விட்டு விட்டு வந்தது, ஹலோ, ஹலோ, பிறகு துண்டுதுண்டாக: "...தம்பி... நாங்க வர்றோம்... ஆட்டோ..."

அவன் வருகிறான்.

பயம் ஒரு பக்கம் இழுத்தது. இன்னொன்று அதைவிட பலமாக இழுத்தது. எழுந்து போனால் முதல் கதிரை போய்விடும். அவன் வந்து உட்காருவான். தங்கம்மா பக்கத்தில் நின்று பார்ப்பாள். ராசையா இரண்டு கால் செருப்பையும் கழற்றி, மிளகுத் தூசி படிந்த அந்தச் செருப்பை, போன மாதம் தங்கம்மா சிவப்பு நூலால் வார் தைத்துக் கொடுத்த செருப்பை, முதல் கதிரையில் சோடியாக வைத்தார். கேஸ் லைனில் வைத்த மாதிரியே. வைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினார்.

படிக்கட்டு ஜன்னலோரம் நின்று ஃபோனைக் காதில் வைத்தார். "தங்கம், வர வேணாம். நான் முதல் கதிரையில. முடிஞ்சிரும். கேக்குதா?"

"ஹலோ? என்னங்க? ஒண்ணுமே கேக்கலியே" என்றாள். தெளிவாக, பக்கத்தில் நிற்பதுபோல. "தம்பி, லைன்ல யாருமே இல்லடா." கட் செய்தாள்.

ஜன்னல் வழியே வெயில் காலில் விழுந்தது. சுடவில்லை.

கரண்ட் வந்தது. திரும்பி வந்தார். கடல், மீன். செருப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. மேசைப் பெண்ணும் வந்துவிட்டாள். "மிஸ், நான்தான், இப்ப கேட்டீங்களே" என்றார். அவள் கண் அவர் ஊடாகப் போனது. கண்ணாடியில் தட்டினார். அவள் நகத்தைப் பார்த்தாள். இதில் புதிதாக என்ன, மூன்று நாளும் இப்படித்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். பில்லை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். குரலை உயர்த்தினார். யாரும் திரும்பவில்லை. எப்போதிலிருந்து இப்படி? செருப்பை வைத்ததிலிருந்தா? அல்லது அதற்கும் முன்பா? இந்தக் கடையில் அதற்கு வித்தியாசம் தெரியாது.

உட்காரலாம் என்று கதிரைப் பக்கம் திரும்பினார். உட்கார்ந்துதான் இருந்தார். எப்போது உட்கார்ந்தார் என்று ஞாபகமில்லை.

படியில் குரல் கேட்டது. தங்கம்மா மூச்சு வாங்கியபடி, ஒரு கை கஜீபன் தோளில்.

"தங்கம்" என்றார்.

அவள் நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். "இந்தா இருக்கு, அவரு செருப்பு. நான் தச்ச வாரு." சிரித்தாள். "வெறுங்காலோட டீ குடிக்கப் போயிட்டாரு போல. எடம் புடிச்சு வச்சிருக்காரு பாரு, கேஸ் லைன் மாதிரி."

"அவரு வரும் வரைக்கும் நிக்கிறதா அக்கா? ஆறு மணிக்கு ஒனக்கு ஊசி. மருந்து வீட்டுல இருக்கு."

"அதுதான்." அவள் யோசித்தாள். "நீ உக்காரு தம்பி. நீ பேசினா சட்டுனு முடியும். அவரு வந்தா பின்னுக்கு இருந்துக்குவாரு."

வேண்டாம் என்றார் ராசையா. தங்கம், கை வைக்காத. கும்பிட்டார். அவள் குனிந்தாள். செருப்பின் தூசியை முந்தானையால் துடைத்தாள். அவ்வளவு பாசமாக அவள் அவரைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. தூக்கினாள்.

"என்னடா இது. கல்லு மாதிரி கனக்குது."

"குடு அக்கா."

"வேணாம், நானே வைக்கிறேன்."

இரண்டு கையாலும் சுமந்து கொண்டுபோனாள். ஹெல்மெட்டைத் தாண்டி. பார்சலைத் தாண்டி. பையை, குடையைத் தாண்டி. ஆறாவது கதிரையில் சோடியாக வைத்தாள்.

ராசையா ஒரு அடியும் எடுத்து வைக்கவில்லை. ஆறாவது கதிரையில் இருந்தார். இடது தோளில் ஈரம்.

கஜீபன் முதல் கதிரையில் கால்மேல் கால் போட்டான். மேசைப் பெண் சிரித்தாள். "ஆ, அண்ணா." பத்து நிமிஷமும் ஆகவில்லை. நாளைக்கே புது ஃப்ரிட்ஜ் வீட்டுக்கு வரும் என்றாள். தங்கம்மா தம்பியின் கன்னத்தைத் தடவினாள். "நீ இல்லாட்டி நான் என்ன செய்வேன்டா" என்றாள். ராசையா அதைக் கேட்டார். கேட்க மட்டும் முடிந்தது.

போகும்போது அவள் ராசம்மாவை நிறுத்தினாள். "இந்தச் செருப்புக்காரரு எங்க தங்கச்சி?"

ராசம்மா ஆறாவது கதிரையைப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள். நிலத்தைப் பார்த்தாள்.

"இருக்காரு" என்றாள்.

"அப்பச் சரி. வந்தா, வேலை முடிஞ்சிருச்சு, வீட்டுக்கு வரச் சொல்லுங்க. செருப்பு இங்கயே இருக்கட்டும், இல்லாட்டி வெறுங்காலோட வந்துருவாரு மனுசன்."

படியில் அவர்கள் சிரிப்பு இறங்கிப் போனது. ஆட்டோ உறுமியது. அலுவிகாரைப் பக்கம் போகிற சத்தம்.

ஏழரை மணிக்குக் கடை மூடியது. இருபது திரையும் ஒவ்வொன்றாகக் கறுத்தன. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பக்கத்தில் யாரோ தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. டக். டக்.

கடைசியாக ராசம்மா வந்தாள். வாளி. மொப். முதல் கதிரைக்கு முன்னால் இன்றைக்கு நேராகத் துடைத்தாள். ஹெல்மெட்டுக்கு வளைத்தாள். பார்சலுக்கு. பைக்கு. குடைக்கு. ஆறாவது கதிரைக்கு வந்தாள். நின்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

"கால அசைக்காதீங்க அண்ணே."

மொப்பை மெதுவாகச் சுற்றி எடுத்தாள். போனாள்.

பாதுகாப்பு விளக்கில் நிலம் ஈரமாக மின்னியது. சோடிச் செருப்பு வைத்திருந்த கதிரைக்கு முன்னால், அந்த ஈரத்தின் நடுவில், இரண்டு பாதங்கள் அளவுக்கு நிலம் காய்ந்து கிடந்தது.

வலது பக்கத்தில் நாலே விரல்.